அது பபிள்கம் வாசனை இல்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதற வரியிலதான் கை நின்னுடுச்சு. காலையிலேர்ந்து போன் பண்றேன், மீட்டிங்ல இருக்கேன்னு ஒரு வரி அனுப்பிட்டு கட் பண்றே. எடுத்தாலும் சரிம்மா சரிம்மான்னு வெச்சுடுவே. அதனால எழுதி, போட்டோ எடுத்து அனுப்பறேன், கடைசி வரைக்கும் படி.

நேத்து பத்தாங்கிளாஸ்ல செல் பாடம். செல் ஒரு பக்கம் சின்ன மூலக்கூறுகளைக் கோத்து உடம்பைக் கட்டும், இன்னொரு பக்கம் சர்க்கரையை உடைச்சு தெம்பு எடுக்கும்னு போர்டுல மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு போட்டேன். சர்க்கரை செல்லுக்குள்ள போக முடியலைன்னா என்ன டீச்சர் ஆகும்னு ஒரு வாலு கேட்டா. விறகு வாசல்ல குவிஞ்சு கிடக்கு, கதவு திறக்கலை, அடுப்பு எரிஞ்சாகணும், என்ன பண்ணுவே, வீட்டு ஜன்னலைப் பிச்சு எரிப்பே, அப்படித்தான் உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் உடைக்கும், ஆள் இளைப்பாங்க, தாகம் அடங்காது, மூச்சுல அழுகின பழ வாசனை வரும்னு சொன்னேன். உடனே கடைசி பெஞ்சுல ஒருத்தி எழுந்து, டீச்சர் இவ வாயில அந்த வாசனைதான் வருது, நான் பபிள்கம்னு நினைச்சேன்னா. வகுப்பே சிரிச்சுது. அவ கையைக் காட்டினது யாரைத் தெரியுமா, எப்பப் பாரு தண்ணி குடிச்சிட்டு வெளியே ஓடற பொண்ணு. பசங்க தண்ணி லாரின்னு பேர் வெச்சிருந்தாங்க, நானும் லாரி கிளம்பியாச்சான்னு கேட்டிருக்கேன். நேத்தும் வெளியே போகணும்னு கேட்டவளை, பெல் அடிக்கட்டும்னு உட்கார வெச்சிருந்தேன். சிரிச்ச கூட்டத்து மேல சாக்பீஸை ஓங்கினேன். அவ மட்டும் சிரிக்கலை, மேஜையில தலை சாஞ்சிருந்தா. கிட்டப் போய்க் குனிஞ்சேன். பபிள்கம் இல்லைடா, அழுகின பழம். பிரின்சிபால் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கையை விரிச்சிருப்போம்னு டாக்டர் சொன்னார். பிழைச்சுட்டா. வளர்ற பொண்ணு, அதான் இளைக்கறான்னு இருந்துட்டோமேன்னு அவங்கம்மா என் தோள்ல சாஞ்சு அழுதாங்க.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பின போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அந்த நீலச் சட்டை ஹேங்கர்ல தொங்கற மாதிரி தொங்குது. போன வாரம் வீடியோல பேசும்போது பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சே, அப்பா ஒட்டகம்னு கேலி பண்ணார், நானும் சேர்ந்து சிரிச்சேன். பாத்ரூமுக்கு எழுந்து எழுந்து தூக்கமே இல்லைம்மான்னே, டீயைக் குறைன்னு பெரிய அட்வைஸ் பண்ணேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பாடம் நடத்தறேன், பெத்த பிள்ளை சொன்னது காதுல ஏறலை பாரு. அலைச்சல்ல இளைச்சிருப்பான், நீ சும்மா இருன்னு அப்பா அதட்டறார். அதட்டிட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துட்டே இருக்கார். எனக்குப் பயமா இருக்குடா. ஒண்ணுமில்லைன்னு வந்தா அம்மாவுக்குப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரி, நானும் சிரிக்கறேன்.

நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ஆரம்பிக்காதே. இதைப் படிச்சதும் செருப்பை மாட்டு, ஆஸ்பத்திரிக்குப் போ, விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்ப்பாங்க, அவ்வளவுதான். நல்லா இருடா, நூறு வயசு இரு. அந்தப் பொண்ணு பக்கத்துல, வாசனையைச் சொல்ல ஒருத்தி உட்கார்ந்திருந்தா. நீ அங்கே தனியா இருக்கே.

போனைக் கையிலேயே பிடிச்சிட்டு இருக்கற,
அம்மா