கண்ணை மூடச் சொன்ன கடிதம்

ஞாயிறு இரவு, கண்டி.

புசல்லாவையிலிருந்து சரஸ்வதி எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. மண்சரிவில் வீட்டையும் கணவனையும் இழந்தவர். அந்தக் கணவனின் உருவப்படத்தைப் போன மாதம் நான்தான் வரைந்து கொடுத்தேன். அவரிடம் மிஞ்சியிருந்தது கணவன் தூங்கும்போது போனில் எடுத்த ஒரே படம். அதனால் கண்களை நானாக ஊகித்துத் திறந்த மாதிரி வரைந்திருந்தேன்.

கடிதத்தில் இருந்தது ஒரே வரி: "சேர், வந்து அவரு கண்ண மூடிட்டுப் போங்க."

இன்று சாயங்களோடு பஸ் ஏறினேன். அங்கே படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"கண்ணு சரியா வரலியாம்மா?" என்று கேட்டேன்.

"அப்படியே அவரு கண்ணுதாங்க. எடது முழியில வெள்ளையில இருந்த மச்சம்கூட இருக்கு. அத யாரு உங்களுக்குச் சொன்னது?"

தூரிகை தவறிப் பட்டிருக்கும் என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, நான் இமைகளைத் தீட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இனித் தூங்குவாரு," என்று மெதுவாகச் சொன்னார்.

அவரிடம் பொய் சொல்லிவிட்டேன். தூரிகை தவறவில்லை. அன்றைக்கு இருப்பதிலேயே மெல்லிய தூரிகையைத் தேடியெடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தப் புள்ளியை அந்த இடத்தில்தான் வைத்தேன். எதற்காக வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.