பதினான்காம் தடத்து பாஸிக்

ஏப்ரல் 14, செவ்வாய்
டிப்போ தலைவர் அர்காதி ல்வோவிச் கூப்பிட்டனுப்பினார். மே முதல் பதினான்காம் தடத்தில் வேன்தானாம். என் பாஸிக் பஸ் பழைய இரும்புக்காம். "அவ்வளவு பெரிய பஸ்ஸுல யாரு ஏறுறா, ஜீனா? எண்ணியாச்சு. பதினோரு பேரு."

எப்போது எண்ணினார்கள்? மார்ச்சில்! என் பஸ் போகும் ஓகா ஆற்றின் அக்கரையில், ஊர்க்காரர்களின் தோட்டங்களில் முழங்கால் வரை பனி கிடந்தபோது. சொன்னேன். "எண்ணினது எண்ணினதுதான்" என்றார். வந்த கோபத்துக்கு மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

ஏப்ரல் 15
பத்தொன்பது வருடம் ஓட்டிய வண்டி. குடுக்க மாட்டேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 27
தினமும் என் முதுகுக்குப் பின்னால் உட்காரும் பால்பண்ணை ரயீசாவிடம் சொன்னேன். "வேன்ல நான் உக்காருவேன். என் தக்காளி நாத்து எங்கடி உக்காரும்?" என்றாள். வண்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 2, சனி
நாற்று நட ஊரே கிளம்பும் நாள். என் வழித்தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அது இல்லாமல் வண்டி டிப்போ வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினேன். வேலை போகுமா? போகட்டுமே!

நிறுத்தத்தில் வேன்காரன், "ஆளு மட்டும்தான், பெட்டி கூடாது" என்று கத்திக்கொண்டிருந்தான். எல்லோரும் என்னிடம் வந்தார்கள். நாற்பத்தாறு பேர். நாற்றுப் பெட்டிகள் தலைக்கு மேலே கைமாறி முன்னால் வந்தன. ரயீசா ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதினாள்.

மே 4
அந்தத் தாளை அவர் மேசையில் வைத்தேன். "இப்ப எண்ணுங்க."
"இன்னொரு தடவை எடுத்தே, சாவியைப் பிடுங்கிடுவேன்."

மே 9
சாவி என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது.

மே 16, சனி
இன்றும் கையெழுத்தில்லாமல்தான் எடுத்தேன். முதல் நிறுத்தத்திலேயே அர்காதி ல்வோவிச். சாவி பிடுங்கத்தான் என்று நினைத்தேன். பார்த்தால், கையில் நாற்றுப் பெட்டி!

"பொண்டாட்டி குடுத்தா. வேன்ல ஏத்த மாட்டேங்குறான்" என்று முணுமுணுத்தபடி ஏறினார். ஏறியதும் பெட்டியை எஞ்சின் மூடிமேல் வைத்தார்.

"ஐயய்யோ, அங்க வைக்காதீங்க! வேரு வெந்துடும்!" ரயீசா அலறினாள். இதுகூடத் தெரியாத மனுஷன் என் பஸ்ஸை நிறுத்த வந்தாரே!

எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பவில்லை. வழித்தாளை நீட்டினேன்.

"இன்னிக்கு மட்டும்தானே?" என்றார்.

"நட்டா ஆச்சா? தண்ணி யாரு ஊத்துவா?" என்று கேட்டுவிட்டு, ரயீசா அவர் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் கிளப்பினேன்.