குரங்கணித் தீவும் அதில் வந்த புலியும்

அனுப்புநர்:
ஒ. மலைச்சாமி,
கிழக்குத் தெரு, சிலமலை,
போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வனச்சரக அலுவலர் அவர்கள்,
வனச்சரக அலுவலகம்,
போடிநாயக்கனூர்.

பொருள்: ஒரு நாள் தீவுச் சுற்றுலா என்ற பெயரில் நடந்துவரும் பித்தலாட்டம் குறித்தும், புலி பயத்தால் அடைக்கப்பட்ட ஏலத்தோட்டப் பாதையைக் காய் எடுக்கும் பெண்களுக்கு உடனே திறந்துவிடக் கோரியும்.

பார்வை: தங்கள் அலுவலகத்தில் நான் நேரில் கொடுத்த புலி வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய அய்யா,

இது இப்படித்தான் வந்து முடியும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவன் நான். போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். இந்த வட்டாரத்தில் மழை வருவதையும் ஏல விலை சரிவதையும் நான் சொல்லித்தான் ஊருக்கே தெரியும். நான் சொல்லி நடக்காமல் போனது, என் கல்யாணம் நின்றுவிடும் என்று சொன்னது ஒன்றுதான். அதுவும் பெண் வீட்டார் பிடிவாதத்தால் நடந்தது. ஆனாலும் என் பேச்சை யாரும் கேட்கவில்லை. இன்று என் கொழுந்தியாள் கற்பகம் உட்பட ஒரு ஜீப்பு நிறையப் பெண்கள், காய் எடுப்புக் காலத்தில் சோலி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். விவரம் பின்வருமாறு.

1. நான் பூர்வீகமாக விவசாயம் செய்து வருபவன். எட்டாம் வகுப்பு வரை படித்து, அதற்கு மேலும் படித்தால் வாத்தியார்மாருக்குச் சங்கடம் என்பதால் நானாகவே நின்றுகொண்டவன். கலெக்டர் ஆபீஸில் என் கையெழுத்தைத் தூரத்தில் பார்த்தாலே எழுந்து நிற்பார்கள் என்று கேள்வி. ஆகவே இதை யாரோ படித்தவர் எழுதிக் கொடுத்ததாகத் தாங்கள் நினைக்க வேண்டாம்.

2. என் மகள் முத்துப்பிரியாவைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அருள்பாண்டிக்கு இந்த ஆவணியில் கட்டிக்கொடுத்தேன். (கம்பெனியே அவருடையது என்று வெளியில் சொல்லி வைத்திருக்கிறேன். அது இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லை.) மறுவீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்பது தாங்கள் அறிந்ததே. கோழி கேட்டால் கோழி, ஆடு கேட்டால் ஆடு. இவர் இலையில் கை வைத்தபடியே, தன் கூட்டாளிகள் எல்லாரும் கல்யாணம் முடிந்த கையோடு அந்தமானுக்குப் போய்த் தீவில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள் என்றும், தான் மட்டும் சிலமலையில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் சொல்லிப் பெருமூச்சு விட்டார். என் மகள் முகம் சுருங்கிப்போனது. என் மனைவி சுருளியம்மாள் குழம்புச் சட்டியோடு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை தங்கள்மேல் விழுந்திருந்தால் தாங்களும் தீவுக்கு ஏற்பாடு செய்திருப்பீர்கள்.

3. அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டுச் சுவரில், போடியைச் சேர்ந்த பிரபு என்பவர் ‘நீலத்தீவு டூர்ஸ்’ என்று ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தார். கடலும் தென்னையும் துள்ளுகிற மீனும் போட்ட படம். காலையில் வனவிலங்கு, மதியம் கயாக் படகு, மாலையில் கடற்கரை, ஒரே நாளில் வீடு திரும்பலாம், புறப்படும் இடம் குரங்கணி ஜீப் ஸ்டாண்டு என்று கண்டிருந்தது. குரங்கணியில் ஏறி ஒரே நாளில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் மலையைக் குடைந்துகொண்டுதான் போக வேண்டும். அப்போதே சொன்னேன், இது பித்தலாட்டம் என்று. சொல்லிவிட்டு மூன்று பேருக்கு இடம் போட்டுவிட்டு வந்தேன். பித்தலாட்டம் என்று நிரூபிக்க ஆள் நேரில் போக வேண்டும் அல்லவா. சுருளியம்மாள் வரவில்லை. காட்டு ஜீவனைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

4. குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ரோடு முடிகிற இடத்தில் ஒரு தனியார் ஏலத்தோட்டத்துக்குள் எங்களை இறக்கினார்கள். கோடையில் ஏலச்செடிக்குத் தண்ணீர் விடுவதற்காகப் பள்ளம் தோண்டி, அடியில் தார்ப்பாய் விரித்து, மழைத்தண்ணீரைத் தேக்கி வைப்பார்களே, அந்தப் படுதாக்குளம்தான் அய்யா கடல். குளம் தோண்டியவன் மண்ணை வெளியே சுமக்கச் சோம்பல்பட்டு நடுவில் விட்டுவைத்த மேடுதான் தீவு. அதில் ஒரு சில்வர் ஓக்குக் கம்பத்தை நட்டு, தென்னை மட்டைகளைக் கயிற்றால் கட்டி, இரண்டு இளநீரையும் தொங்கவிட்டிருந்தார்கள். மருமகப்பிள்ளை ஒன்றை வெட்டச் சொன்னார். அது பார்ப்பதற்கு மட்டும் என்று பிரபு சொல்லிவிட்டார். கடல் ஏன் உப்புக் கரிக்கவில்லை என்று என் மகள் கேட்டதற்கு, இது மேற்குத் தொடர்ச்சி மலைக் கடல், நல்ல தண்ணீர்தான் என்று கூசாமல் பதில் சொன்னார். தலையில் பெரிய ஓலைத் தொப்பி வேறு.

5. கயாக் என்பது ஒரு ஆள் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துடுப்பு வலிக்கும் ஒல்லிப் படகு. வைகையில் வெள்ளம் கரைபுரண்டபோது ஒற்றைக் கையால் நீந்தி, மறுகையில் கன்றுக்குட்டியைத் தூக்கி வந்தவன் நான். எனக்கு இது பெரிதில்லை. ஒரு வலிதான் வலித்தேன், தீவில் போய் முட்டினேன். திரும்பி ஒரு வலி வலித்தேன், கரையில் முட்டினேன். குறுக்கே திருப்பினால் முன்மூக்கு தீவிலும் பின்மூக்கு கரையிலும் மாட்டிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்திருந்த என்னைப் பிரபு இறங்கி நடந்து வந்து இழுத்துவிட்டார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டவில்லை. உயிர் காக்கும் சட்டையை மட்டும் எனக்குக் கழுத்துவரை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

6. கடற்கரைக்கு ஒரு லோடு எம்-சாண்டு இறக்கியிருந்தார்கள். மேலே சோழியும் சங்கும் தூவி வைத்திருந்தார்கள். என் மகள் ஆசையாக ஒரு சங்கை எடுத்தாள். அடுத்த குரூப்புக்கு வேண்டும், இருந்த இடத்தில் வையுங்கள் என்றார்கள். அலைக்கு ஒரு டீசல் மோட்டார். மோட்டாரைப் போட்டால் குழாய் வழியாகத் தண்ணீர் பாய்ந்து அலை எழும்பும். சாயங்காலம் ஆகும்முன் டீசல் தீர்ந்து கடல் ஓய்ந்துவிட்டது.

7. காலையில் என்று போட்டிருந்த வனவிலங்கைக் கடைசியாகத்தான் காட்டினார்கள். அதில் குரங்குகள் வந்து எங்கள் வடையைத் தின்றுவிட்டுப் போயின. அதற்குச் சிலமலையே போதும். மலை அணில் வரும் என்று ஒரு மரத்தைக் காட்டினார்கள். மரம் நல்ல மரம். மற்றபடி எங்களைத் தேடித் தானாக முன்வந்த ஒரே ஜீவன் அட்டைதான். அது மருமகப்பிள்ளையின் கணுக்காலில் ஏறியபோது, பிரபு அதையும் பார்த்தாகிவிட்ட விலங்குகளின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எங்கள் மலையில் யானையும் காட்டுமாடும் தெருவில் ஆடு மாடு திரிகிற மாதிரி திரியும் என்று நான் சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். மருமகப்பிள்ளை என்னைப் பார்த்தபடி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

8. அந்த நேரத்தில்தான் ஏலச்செடித் தட்டைகளுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் அசைவதை நான் கண்டதும், புலி என்று குரல் கொடுத்ததும். பிரபு தொப்பியை விட்டுவிட்டு ஓடினார். மருமகப்பிள்ளை என் மகளை முந்திக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதை நான் கவனித்து வைத்திருக்கிறேன். காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். அவர்களோடு ஓடிய கற்பகம் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். புலி தன் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டதைக் கேட்டதாக அவளும் தங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறாள். நான் மட்டும் புலியைக் கண்ணோடு கண் பார்த்தபடி பின்னடி வைத்து வந்ததும், அதன் இடது காது கிழிந்திருந்ததும், நீளத்தில் அது எங்கள் மாட்டுவண்டி அளவு இருந்ததும் வாக்குமூலத்தில் உள்ளபடி.

9. மருமகப்பிள்ளை ஜீப்பில் இருந்தபடியே போனில் பேசிப் பதிந்து அனுப்பியது திருப்பூர் வரை போய், மறுநாள் ஒரு நாளிதழில் என் படத்தோடு வந்துவிட்டது. அந்தமானில் புலி கிடையாதாம். கூட்டாளிகள் எல்லாரும் வாயடைத்துப் போனதாக மருமகப்பிள்ளை சொல்லி, முதல்முறையாக என்னை வாய் நிறைய மாமா என்று அழைத்தார். தாங்களும் உயிர்கள்மேல் அக்கறை கொண்டு பாதையை அடைத்து, ஆள் போட்டு, மரத்துக்கு மரம் கேமராவும் கட்டினீர்கள். முறையான நடவடிக்கை. அதில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பதிவானதாகவும் புலி மட்டும் பதிவாகவில்லை என்றும் கேள்வி.

10. இப்போது பிரபு செய்யும் காரியத்தைக் கேளுங்கள். பழைய நோட்டீசைக் கிழித்துவிட்டுப் ‘புலித்தீவு’ என்று புது நோட்டீசு ஒட்டியிருக்கிறார். அதில் என் படம், என் அனுமதி இல்லாமல். காய் எடுக்கும் பெண்களைத் தடுப்பில் திருப்பி அனுப்புகிறபோது, இவர் பின்பக்க ஒற்றையடிப் பாதையில் வெளியூர்க்காரர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகிறார். எம்-சாண்டில் புலியின் கால்தடம் காட்டுகிறாராம். இத்தனை மழையிலும் அது அழியவில்லை. அது மட்டுமா, புலி குளத்தை நீந்திக் கடந்து தீவில் படுத்து ஓய்வெடுக்கும் என்று வாய் கூசாமல் எழுதியிருக்கிறார். நான் கொடுத்த வாக்குமூலத்தில் புலி தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. நேரில் பார்த்தவன் நான் இருக்க, தொப்பியை விட்டு ஓடியவர் இப்படிக் கூட்டிச் சொல்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

11. இவ்வளவும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று முன்தினம் கற்பகம் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பழுத்த ஏலக்காயை நேரத்துக்கு எடுக்காவிட்டால் சரத்திலேயே வெடித்து, எலியும் அணிலும் தின்றதுபோக மிச்சம்தான் ஸ்டோருக்கு வரும் என்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். தோட்டத்துக்காரருக்கு மலைக்கு மேலே இன்னொரு தோட்டம் உண்டு, அந்த மேல்தோட்டத்து ஆட்களுக்கு இங்கே இறங்கக் காட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. அவர்களை இறக்கி வேலையை முடித்துக்கொள்வதாகவும், அப்படி ஒருமுறை ஆள் மாறிவிட்டால் இந்தப் பெண்களுக்கு அங்கே இனி இடமில்லை என்றும் தோட்டத்துக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். ஒச்சம்மாள், குருவம்மாள் என்று வருஷக்கணக்காக அங்கே போகிறவர்கள் அத்தனை பேர் பிழைப்பும் இதில் இருக்கிறது. கற்பகம் சொன்னது இவ்வளவுதான்:

“பழம் வெடிக்குது மச்சான். நீங்க பாத்த புலிதான, உங்க பேச்சக் கேக்கும். வெரசா வேற காட்டுக்குப் போகச் சொல்லுங்க.”

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை அய்யா. நான் சொன்னதில் ஒன்றைக்கூடச் சந்தேகப்படாத ஆள் இந்தப் பூமியில் அவள் ஒருத்திதான். வைகைக் கன்றுக்குட்டியைக்கூட நம்புகிறவள். அவள் போன பிறகு சுருளியம்மாள் சோறு போட்டாள். அதை அப்படியே வைத்துவிட்டு மனு எழுதத் தாள் தேடினேன்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, பிரபுவின் பின்பக்கப் பாதையை அடைத்து, என் படத்தைச் சுவரிலிருந்து கிழித்தெறிய உத்தரவிட வேண்டும். அதற்கும் முன்பாக, மேல்தோட்டத்து ஆட்கள் இறங்குவதற்குள், முன்பக்க ஜீப்புப் பாதையைக் கற்பகத்துக்கும் மற்றப் பெண்களுக்கும் திறந்துவிட வேண்டும். புலி போய்விட்டது என்று எழுதிப் பாதையைத் திறக்க வைக்கலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் போன புலி திரும்பி வருமா என்று தாங்கள் இன்னொரு மாதம் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தங்கள் அலுவலகக் காவலர் சொல்லிவிட்டார். அதனால் வேறு வழியில்லாமல் கீழ்க்கண்டதையும் எழுதுகிறேன்.

குளம், மேடு, மணல், மோட்டார், அட்டை எல்லாம் உள்ளது உள்ளபடி. புலி மட்டும் என் கைச்சரக்கு.

அன்றைக்குச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மருமகப்பிள்ளை போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சிலமலைக்குத் திரும்ப வேண்டாம், இப்படியே திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று என் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விருந்து பாதியில் இருக்கிறது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போதுதான் தட்டைகளுக்கு நடுவே அது அசைந்தது. குளிருக்கும் அட்டைக்கும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு, குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த கற்பகம். எனக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. அவளும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, “மச்சான், சாப்டீங்களா?” என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில்தான் ‘புலி’.

இப்படிக்கு,
இந்த ஒன்று நீங்கலாக உண்மையுள்ள,
ஒ. மலைச்சாமி

இடம்: சிலமலை
நாள்: 24.10.2025