கேட்டில் நிற்கும் சிறுத்தை

20-1-2009

காலையில் கட்டபெட்டு டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். தேயிலை பாக்டரி கேட்டில் சிறுத்தையைக் குடையால் விரட்டிய கதையைச் சொன்னேன். (பூனையைவிடப் பெரியதுதான்.) மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு? தெரியவில்லை. சாயங்காலம் தங்கச்சி பாலாமணி குழம்பு கொண்டுவந்தாள். உப்பில்லை என்று சட்டியை எறிந்தேன். எல்லாம் ஒரே நாளில்.

23-1-2009

உறைபனி. எழவே இல்லை.

2-2-2009

தங்கச்சி மகள் மேகலாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம். பிக்கட்டி ஊர் மாப்பிள்ளை. தாய்மாமன் நான் இல்லாமல்! டீக்கடையில் கேள்விப்பட்டதும், "நான்தானே பேசி முடிச்சேன்" என்று அளந்துவிட்டு வந்தேன்.

வழியில் மேகலாவின் அப்பா ஒச்சப்பனைப் பிடித்தேன். "கோவிச்சுக்காதீங்க மச்சா. எப்பச் சிரிப்பீங்க, எப்பச் சட்டிய எறிவீங்கன்னு ஆருக்குத் தெரியும்? புள்ள பயப்படுதுங்க."

பயமா? என்னப் பாத்தா? தோள்ல தூக்கி வளத்த புள்ள— என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

9-2-2009

குன்னூரில் மனநல டாக்டர் மெட்டில்டா. குரங்குக் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டுப் போனேன். உட்கார்ந்ததும் வாய் தானாகச் சொன்னது: "எனக்கில்லீங்க, என் மச்சானுக்கு." அழுகை, சட்டி எல்லாவற்றையும் ஒச்சப்பன் தலையில் கட்டினேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

"அவரையே ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றார் அந்தம்மா.

16-2-2009

துணைக்கு என்று சொல்லி ஒச்சப்பனைக் கூட்டிப்போனேன். டாக்டர் அவரைப் பார்த்து, "எப்பயிருந்து இப்படி அழுகை வருதுங்க?" என்றார்.

"எனக்குங்களா!"

அவர் முழித்த முழி. என் காதெல்லாம் எரிந்தது. "நாந்தானுங்க அது" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பிறகு ஒச்சப்பன் சொன்னதையெல்லாம் திருத்தாமல் கேட்டேன். மருந்து இருக்கிறது, நாளாகும் என்றார் டாக்டர். "மனசு ஏறும்போது உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியும்."

3-3-2009

மாத்திரை. சட்டி எதுவும் உடையவில்லை.

7-5-2009

மேகலா பத்திரிகை கொண்டுவந்தாள். "மாமா, நீங்க வரோணும்." உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

10-5-2009

கல்யாணம். மாமன் சீர்த்தட்டு என் கையில்தான். பந்தியில் ஒச்சப்பனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "என் கொரல் ஏறினா முழங்காலை அமுக்குங்க மச்சா." பெண்ணைப் பெற்றவருக்கு ஆயிரம் வேலை. இருந்தும் உட்கார்ந்தார்.

பிக்கட்டிச் சம்பந்தியிடம் சிறுத்தைக் கதையை ஆரம்பித்தேன். அது கேட்டுக்கு வந்து வாயைப் பிளந்தபோது, முழங்காலில் கை அமுங்கியது. நிறுத்திவிட்டேன்.

"அப்புறமுங்க?" என்றார் சம்பந்தி.

"பாயசம் ஆறுதுங்க, சாப்பிடுங்க."

சிறுத்தை இன்னும் கேட்டிலேயே நிற்கிறது.