ஒரு பிடித் தவிடு

அத்தை,

போன வாரம் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டின் நட்டநடுவில், என் கையிலிருந்த பொட்டலம் பிரிந்து அரிசித் தவிடு கொட்டிவிட்டது. கூட்டுகிற அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "என்ன பெருசு, மாட்டாஸ்பத்திரின்னு நெனச்சு வந்துட்டியா?" என்று கேட்டார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வார்டே சிரித்தது. என் மகள் மட்டும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். குனிந்து தவிட்டை அள்ளிய என்னைப் பார்த்திருந்தால், பழைய அத்தையாக நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும்: "ஏலே தவிட்டு, உன்னய நீயே அள்றியா?"

எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும், பெற்றதெல்லாம் உசுரோடு இருந்த பக்கத்து வீட்டுக்காரியான உங்களிடம் அம்மா என்னை விற்றுவிட்டாள். எமன் விலாசம் தெரியாமல் திரும்பிப் போவான் என்று ஒரு கணக்கு. ஒரு படித் தவிடு கொடுத்து என்னை வாங்கிய நீங்கள், "எம்புள்ளைய வளத்துக் குடு மதினி" என்று அன்றைக்கே அம்மா மடியில் போட்டீர்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகளைச் சீண்ட, "உன்னயத் தவிட்டுக்கு வாங்குனோம்" என்பார்கள். நான் நிஜமாகவே அந்த விலைக்குப் போனவன். அதுவே அதிக விலை என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உங்கள் வீட்டில்தான் முதல் சோறு. "என் பொருளு எளைச்சுப் போச்சே, சரியாப் பாக்குறியா இல்லையா?" என்று அம்மாவின் காதில் விழும்படி கேட்பீர்கள். அம்மாவும் விடமாட்டாள்: "குடுத்த தவிட்டுக்கு இம்புட்டுத்தான் மதினி வளரும்."

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் உங்கள் கடைக்குட்டிக்கு வயிற்றால் போனது. தவழ்கிற பிள்ளை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று ஊரே சொன்னது. நீங்களும் கொடுக்கவில்லை. நாக்கை நீட்டி நீட்டித் தேடினான். விடிந்து பஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கும் ஊர் ஒரு கணக்குப் போட்டது. "அடுத்த வீட்டுப் புள்ளைய வாங்குனா, தம்புள்ளையக் குடுத்துட்டா" என்றார்கள். அம்மா பயந்துபோனாள். நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்டுவிடுவீர்களோ என்று உங்கள் வாசல் பக்கமே விடவில்லை. ஒருநாள் குழாயடியில் என்னைப் பார்த்து, "வா தவிட்டு" என்று கை நீட்டினீர்கள். அம்மா என்னை வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நீங்கள் குடத்தை இறக்கி வைத்தீர்கள்.

"பயப்படாத மதினி. வாங்குன பொருளக் கேக்க மாட்டேன். நீயே வச்சுக்க."

அதன் பிறகு நீங்கள் என்னைத் தவிட்டு என்று கூப்பிட்டதே இல்லை. வாத்தியார் கூப்பிடுகிற மாதிரி முழுப் பெயர்தான்.

அந்த வார்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள், அத்தை. பிள்ளைச் சாவுக் கோடு வருஷா வருஷம் இறங்குகிறது, ஆயுள் கோடு ஏறுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் மயிரிழையில் தப்பியவன் நான், டாக்டரம்மாவிடம், "அப்ப எங்கள மாதிரி கெழடுக ரொம்ப நாள் இருக்கோமாம்மா?" என்று பெருமையாகக் கேட்டேன். "அதுவும் உண்டு தாத்தா. ஆனா புள்ளைங்க சாகாம இருந்தாலே சராசரி ஏறிடும்" என்றார். பக்கத்திலிருக்கிற இலங்கை, அத்தனை சின்ன நாடு, நமக்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்து காட்டியதாம். ஊர் ஊராக மருத்துவச்சி, தாய்மாருக்குப் படிப்பு, இப்படிச் சாதாரணமானவைதானாம். வயிற்றால் போகும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தவே கூடாதாம். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

உப்பும் சர்க்கரையும் உங்கள் அடுப்படியிலேயே இருந்தன. சின்னாளப்பட்டியைத் தாண்டி, மதுரை ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நாம் இருந்தோம். அதைச் சொல்ல ஒரு ஆள் வரவில்லை. தவிட்டு யோசனை சொல்ல மட்டும் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்.

எண்பதைத் தாண்டி நீங்கள் போனபோது கல்யாணச் சாவு என்று கொட்டடித்தார்கள். உங்கள் வயதையும் கடைக்குட்டியின் வயதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆளுக்கு நாற்பது வரும். அந்த நாற்பதை யார் வாழ்ந்தது, அத்தை?

என் பேத்தி மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். "பொழச்சிரும்" என்றார் டாக்டரம்மா. அவரையும் நம்பினேன், சுவரில் இருந்த கோட்டையும் நம்பினேன். நம்பிக்கொண்டே கடைக்குப் போய்த் தவிடு வாங்கி வந்தேன். நேற்று பேத்தி பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டாள். பெட்டிதான் காப்பாற்றியது, தவிடு குப்பைக்குப் போனது.

அது கொட்டிய கதைதான் பாக்கி. மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி. "ஏனுங்க, பேத்தி எப்படிங்க இருக்குது? என்ர மூத்தது ஊட்ல ஓடியாடிட்டு இருக்குதுங்க, இதும் நல்லா இருக்குதுங்க" என்று வெள்ளையாகச் சிரித்தாள். பெற்ற இரண்டும் தங்கியவள். தவிடும் என்னுடையது, அவள் அதை வாங்கி, பேத்திக்கு விலையாக என் கையில் திருப்பிப் போட்டால் போதும். பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அப்போது அவள் மடியிலிருந்த பிள்ளை பாலுக்கு நாக்கை நீட்டி நீட்டித் தேடியது. பொட்டலத்தைப் பிடிக்க மறந்துவிட்டேன்.

"மாட்டுக்கு வாங்குனதும்மா" என்று கூட்டுகிற அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண்ணிடம், "தாயி, எம்பேத்திய ஒரு பிடித் தவிட்டுக்கு வாங்கிக்க" என்பதை மட்டும் சொல்லவில்லை.