வருவதற்கு முன்பே

17-6-1974, திங்கள்

இன்று சென்னை ஆபீஸில் தலைகுனிவு. கம்ப்யூட்டருக்கு நான் எழுதிய புரோகிராம், பெயர்களைப் பதிந்து வைத்த டேப்பிலிருந்து ஒரு பெயரைக் கேட்டால் அது வரும்வரை வேறெதுவும் செய்யாமல் நிற்கும். எதிர் வீட்டுத் தறியில், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மனைவி கரைக்கான நூல் சுற்றிய நாடாவை எறியும்வரை நெய்கிறவர் கை நிற்குமே, அப்படி. அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டேன். இனி கேட்டுவிட்டு வேறு கணக்கைப் பார்க்கும். பெயர் வந்தால் டேப்பே கூப்பிடும்.

கேட்கும் இடத்தை மட்டும்தான் மாற்றினேன். பெயரை வாங்கி அச்சடிக்கும் இடங்களை மறந்துவிட்டேன். அவை பெயர் வந்துவிட்டது என்றே நம்பி, கிடந்த பழைய பெயரை எடுத்துக்கொண்டன. பட்டியல் முழுக்க ஒருவர் விவரத்துக்கு நேராக இன்னொருவர் பெயர்.

"வர்றதுக்கு முன்னாடியே வந்துட்ட மாதிரி எடுத்துக்கினா எப்படிம்மா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிலாய்க்கு வேலைக்குப் போன இவரிடமிருந்து கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. வாசலில் நின்று தெருவைப் பார்ப்பதைப் போன வாரமே விட்டுவிட்டேன். கடிதம் வந்தால் தபால்காரர் கூப்பிடாமலா போவார்? அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சாயங்காலம் காபி கலக்கும்போது மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா ரெண்டு டம்ளர்? நான்தான் காபியே குடிக்கிறதில்லியே."

ஒன்றைக் கவிழ்த்து வைக்கப் போனேன். மனசு வரவில்லை.

ஆபீஸில் இன்னும் ஒன்பது இடங்களைத் திருத்த வேண்டும். இந்த வீட்டில் எத்தனை என்று எண்ணவில்லை.