அம்மா முகம் இல்லாத படம்

குளுவாங், மலேசியா,
ஞாயிறு காலை

அன்பு மகள் வாசுகிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம், முட்டி வலிதான் விட்டபாடில்லை. நீயும் அந்த பெர்லின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அம்மா சாவுக்கு நீ வந்தபோதும் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என் வீம்பு.

நீ விமானம் ஏறிய பிறகு பதினாறாம் நாள் படையலுக்கு அம்மா படம் தேடினோம். அவள் போனில் இருந்ததெல்லாம் அவள் எடுத்த படங்கள், எதிலும் அவள் இல்லை. உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் உன் அண்ணன் செல்வா அவள் ஐசி அடையாள அட்டைப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வந்தான், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு அவளைச் சிவப்பாக்கிவிட்டார். அம்மாவோடு செனாய் ஊர் பேக்டரியில் இருபது வருஷம் வேலை செய்த கிருஷ்ணம்மா அதைப் பார்த்துவிட்டு, இது நம்ம சந்திரமதியே இல்லண்ணே என்று சொல்லி, நீ அம்மாவை வைத்து எடுத்த டாக்குமெண்டரி படத்தைத் தன் போனில் போட்டுக் காட்டினாள். நாலு வருஷமாக நான் பார்க்க மறுத்த படம். கதை இல்லை, பாட்டு இல்லை, இதை யார் பார்ப்பார்கள் என்று கத்தினேனே, இருபது நிமிஷமும் கண் எடுக்காமல் பார்த்தேன். விடியுமுன் பேக்டரி பஸ்ஸுக்கு நிற்கும் அவள் கால். கட்டைவிரலில் சூடு பட்ட தழும்பு. வேலை முடிந்து வந்து அதே கையால் மீன் ஆய்வது. பெண்ணியம் என்றால் ஆம்பளையைத் திட்டுவது என்று நினைத்திருந்தேன். படத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. அவள் நிற்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது பிள்ளை.

ஏன் முகத்தையே காட்டவில்லை என்று கேட்டேன். நீங்கதான வேணாம்னு சொன்னீங்க என்றாள் கிருஷ்ணம்மா. சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் தடுத்திருக்கிறேன், எனக்கு மறந்தே போயிருந்தது. நீ படம் எடுத்த அன்று அம்மா பவுடர் போட்டு, பூ வைத்து, நல்ல சேலை கட்டித் தயாராக நின்றாளாம். நான் கத்தியதும் உள்ளே போய் மாற்றிக்கொண்டாளாம். அந்தக் கடைப் படத்தைக் கழற்றிவிட்டேன், மாலை வெறும் ஆணியில் தொங்குகிறது. நீ வெட்டிப் போட்டதில், நான் கத்துவதற்கு முன்னால் எடுத்த துண்டு ஏதாவது இருக்குமா? ஒரு நொடி போதும். இல்லையென்றால் இல்லை என்று எழுது, கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் மனசுப்படி படம் எடு, நன்றாக இரு, அம்மா உன் கூடவே இருப்பாள். துண்டு கிடைத்தால் செல்வாவுக்கு அனுப்பாதே, என் நம்பருக்கே அனுப்பு. முதலில் நான் பார்க்க வேண்டும்.

உன் அப்பா,
மனோகரன்